“அது என்ன ஆச்சு?” – ஆட்சித் தலைவரின் அலுவலகம் எப்படி வேலை செய்கிறது?

கேள்வி சுருக்கமாக இதுதான். பிரதமர், அதிபர், முதல்வர் என்று யாராக இருந்தாலும், அவருடைய சொந்த அலுவலகத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் பேர். துறைகளிலோ லட்சக்கணக்கான ஊழியர்கள். எது முதலில், எது அப்புறம் என்று அந்தச் சின்ன அலுவலகம் எப்படி முடிவு செய்கிறது? பள்ளி, மருத்துவமனை, சாலை, குடிநீர் என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் துறைகளை அது எப்படி ஒரே வண்டியில் பூட்டுகிறது?

நான் அப்படிப்பட்ட அலுவலகத்துக்குள் வேலை பார்த்தவன் அல்ல. அங்கிருந்து வரும் தொலைபேசி அழைப்புக்குப் பயப்படும் ஒரு துறையில் பல வருடம் குப்பை கொட்டியவன். அதனால் இந்தப் பதிலில் மேலிருந்து பார்க்கும் பார்வையைவிட கீழிருந்து பார்க்கும் பார்வைதான் அதிகம் இருக்கும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை எடுத்துவிடலாம். தலைவர் உத்தரவு போட்டால் அது நடந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். உத்தரவு போடுவது இருப்பதிலேயே எளிதான வேலை. ஒரு நாளைக்குப் பத்து போடலாம். மூன்று மாதம் கழித்து அந்தப் பத்தில் எது என்ன ஆனது என்று யாராவது கேட்டால்தான் அது உத்தரவு, இல்லையென்றால் கிணற்றில் போட்ட கல். தலைவர் அலுவலகத்தின் உண்மையான பலம் கையெழுத்தில் இல்லை. “அது என்ன ஆச்சு?” என்று விடாமல் கேட்பதில் இருக்கிறது. எத்தனை விஷயங்களைப் பற்றி அப்படி விடாமல் கேட்க முடியும்? மிகச் சிலவற்றைப் பற்றித்தான். முன்னுரிமை என்ற சொல்லுக்கு அரசாங்கத்தில் உண்மையான பொருள் அதுதான்.

இப்படி ஒரு அலுவலகம் ஏன் வந்தது என்பதே ஒரு நல்ல கதை. பிரிட்டனில் 1916 வரை அமைச்சரவைக் கூட்டத்துக்கு அதிகாரபூர்வமான நடவடிக்கைக் குறிப்பே கிடையாது. என்ன பேசினோம் என்று பிரதமர் மன்னருக்கு எழுதும் கடிதம் ஒன்றுதான் பதிவு. கூட்டம் முடிந்து வெளியே வரும் அமைச்சர்கள் ‘நேற்று நாம் என்னதான் முடிவு செய்தோம்?’ என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதும் நடந்திருக்கிறது. சமாதான காலத்தில் இதைச் சிரித்துக்கொண்டே சமாளித்துவிட்டார்கள். முதல் உலகப் போரின் நடுவில் சமாளிக்க முடியவில்லை. 1916 டிசம்பரில் லாயிட் ஜார்ஜ் பிரதமரானதும் மாரிஸ் ஹாங்கி என்ற அதிகாரியை வைத்து அமைச்சரவைச் செயலகம் உருவானது. அதன் வேலை கேட்பதற்கு ரொம்பச் சாதாரணமானது: நிகழ்ச்சி நிரல் தயாரிப்பது, முடிவை எழுதி வைப்பது, யார் செய்ய வேண்டும் என்று குறித்து அவரவருக்கு அனுப்புவது. ஒரு பேரரசு அதுவரை இது இல்லாமல் ஓடியிருக்கிறது என்பதுதான் ஆச்சரியம்.

அமெரிக்காவில் இன்னும் தாமதம். அரசு நிர்வாகத்தைச் சீரமைக்க அதிபர் ரூஸ்வெல்ட் அமைத்த பிரவுன்லோ குழு 1937-இல் கொடுத்த அறிக்கையில் ஒரு குட்டி வாக்கியம் உண்டு: ‘அதிபருக்கு உதவி தேவை.’ அவ்வளவுதான். 1939-இல் அதிபரின் நிர்வாக அலுவலகம் என்ற அமைப்பு உருவானது. அதே ஆண்டு, 1921 முதல் கருவூலத் துறைக்குள் இருந்த வரவு செலவுப் பிரிவை அப்படியே தூக்கி அதிபரின் கீழ் கொண்டுவந்தார்கள். 1970-இல் அது மேலாண்மை மற்றும் வரவு செலவு அலுவலகமாக மாறியது. பணத்தைப் பிரிப்பவர் தன் பக்கத்தில் இல்லாவிட்டால் தான் சொல்லும் முன்னுரிமைக்கு மதிப்பில்லை என்பது ரூஸ்வெல்ட்டுக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

இந்தியாவில் இந்த வேலையை இரண்டு தனி அலுவலகங்கள் பார்க்கின்றன, இரண்டையும் பலர் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று பிரதமரின் சொந்த அலுவலகம். முன்பு பிரதமரின் செயலகம் என்று இருந்ததற்கு 1977-இல் மொரார்ஜி தேசாய் காலத்தில் பிரதமர் அலுவலகம் என்று பெயர் மாறியது. இன்னொன்று அமைச்சரவைச் செயலகம். முதலாவது தலைவரின் மனசாட்சி மாதிரி; அவர் எதைப் பார்க்க வேண்டும், எதைச் சொல்ல வேண்டும், எது அரசியலாக வெடிக்கும் என்று யோசிப்பது அதன் வேலை. இரண்டாவது அரசாங்கத்தின் நினைவாற்றல். எந்த வேலை எந்த அமைச்சகத்தினுடையது, எந்தக் கோப்பு யார் யாரைக் கேட்டுவிட்டு வர வேண்டும் என்ற விதிகளைக் காப்பது அதன் பொறுப்பு. 1961-ஆம் ஆண்டின் பணிப் பகிர்வு விதிகளும் அலுவல் நடைமுறை விதிகளும்தான் அதன் வேதம். பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் இந்த இரட்டை நாற்காலி பெரும்பாலும் எங்கேயும் இருக்கும். ஒன்றில் தலைவரோடு வந்து தலைவரோடு போகிறவர்கள். மற்றதில் யார் வந்தாலும் இருக்கிறவர்கள். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாத அலுவலகம் எவ்வளவு புத்திசாலிகளால் நிரம்பியிருந்தாலும் உருப்படாது.

சரி, முன்னுரிமைக்கு வருவோம்.

அது எங்கிருந்து வருகிறது? தேர்தல் அறிக்கையிலிருந்து என்பது பாடப்புத்தக விடை. பாதி உண்மை. தேர்தல் அறிக்கையில் நூற்றுக்கணக்கான வாக்குறுதிகள் இருக்கும். அதோடு போன ஆட்சி பாதியில் விட்டுப்போன கட்டுமானங்கள், காலக்கெடு வைத்து வந்த நீதிமன்ற உத்தரவுகள், ஊழியர்களின் சம்பளக் கோரிக்கை, எதிர்பாராத வெள்ளம், காலையில் தலைவர் செய்தித்தாளில் படித்த ஒரு பத்தி எல்லாம் வந்து சேரும். எல்லாம் ஒரே மேஜைக்கு வருகின்றன. ஒவ்வொன்றின் மேலும் ‘அவசரம்’ என்று எழுதியிருக்கும். எங்கள் துறையிலிருந்து போகும் கோப்புகளில் சாதாரணக் கோப்புக்கும் அவசர அட்டை கட்டித்தான் அனுப்புவோம். இல்லாவிட்டால் அது நகராது என்று எங்களுக்குத் தெரியும். எல்லோரும் கட்டியதால் அட்டையின் நிறத்துக்கு ஒரு பயனும் இல்லாமல் போனது வேறு விஷயம்.

இதிலிருந்து வடிகட்ட ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியைப் பிடித்திருக்கிறார்கள். கனடாவில் பிரதமர் ஒவ்வொரு அமைச்சருக்கும் பொறுப்பேற்கும்போது ‘உங்களிடம் நான் எதிர்பார்ப்பது இவை’ என்று ஒரு கடிதம் கொடுப்பது வழக்கமாக இருந்தது. அதுவரை ரகசியமாக இருந்த அந்தக் கடிதங்களை 2015 நவம்பரில் ட்ரூடோ அரசு பொதுவில் வெளியிட்டது. நல்ல காரியம்தான். அமைச்சர் மறந்தாலும் பத்திரிகைக்காரர் மறக்க மாட்டார். ஆனால் பொதுவில் வெளியாகும் கடிதத்தில் யாரையும் விட்டுவிட முடியாது. ஒரு தரப்பின் பெயர் இல்லாவிட்டால் அந்தத் தரப்பு கோபிக்கும். எனவே கடிதம் நீளும். நீண்ட பட்டியல் என்பது முன்னுரிமைப் பட்டியல் அல்ல, வருகைப் பதிவேடு.

இதற்கு நேர் எதிரான வழியை 2001-இல் பிரிட்டன் எடுத்தது. டோனி பிளேர் இரண்டாம் முறை வென்றதும் மைக்கேல் பார்பர் தலைமையில் ஒரு செயலாக்கப் பிரிவை அமைத்தார். அதில் சுமார் 40 பேர். நாட்டின் எல்லாத் துறைகளையும் அவர்கள் பார்க்கவில்லை. மருத்துவம், கல்வி, குற்றத் தடுப்பு, போக்குவரத்து ஆகிய நான்கு பக்கம் மட்டும், அதிலும் சில குறிப்பிட்ட இலக்குகள் மட்டும். மற்றதெல்லாம் முக்கியமில்லையா என்று கேட்டால், முக்கியம்தான், ஆனால் அவற்றை அந்தந்த அமைச்சர் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் பதில். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்கு ஒரு தலைவருக்கு நிறையத் துணிச்சல் வேண்டும். ஏனென்றால் ‘இது என் பட்டியலில் இல்லை’ என்று வெளிப்படையாகச் சொன்னால் மறுநாள் தலைப்புச் செய்தி அதுதான்.

அப்புறம் பணம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி நிதித்துறை. திட்டி எழுதுவது எளிது, ஆனால் அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. தலைவர் மேடையில் அறிவித்த திட்டத்துக்கு முதல் வருடச் செலவை மட்டும் துறை எழுதி அனுப்பும். பத்தாவது வருடம் அதே திட்டத்துக்குச் சம்பளமும் பராமரிப்பும் எவ்வளவு ஆகும் என்று கேட்க நிதித்துறையைத் தவிர ஆள் கிடையாது. கைதேர்ந்த தலைவர் அலுவலகம் அறிவிப்புக்கு முன்னாலேயே நிதித்துறையை உட்காரவைத்துப் பேசிவிடும். மற்றது அறிவித்துவிட்டு அப்புறம் மல்லுக்கட்டும். இரண்டாவது வகையில் திட்டம் வரும், ஆனால் பாதி அளவில், ஒரு வருடம் தாமதமாக, ‘முதற்கட்டமாக’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டு வரும்.

ஆனால் தலைவரின் உண்மையான முன்னுரிமை எது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு இந்த ஆவணம் எதுவும் தேவைப்பட்டதில்லை. அவருடைய நேர அட்டவணையைப் பார்ப்போம். எந்தத் துறையின் ஆய்வுக் கூட்டம் இரண்டு முறை தள்ளிப்போனதோ அந்தத் துறை பட்டியலில் இல்லை. எதற்கு எந்தக் காரணம் வந்தாலும் கூட்டம் ரத்தாகவில்லையோ, அதுதான் முன்னுரிமை. இன்னொரு அடையாளம், எந்தத் துறைக்குத் திறமையான செயலாளரைப் போட்டு, மூன்று வருடம் மாற்றாமல் வைத்திருக்கிறார் என்பது. ஆறு மாதத்துக்கு ஒரு செயலாளர் மாறும் துறையைப் பற்றி மேடையில் எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும் ஊழியர்களுக்கு விஷயம் தெரியும்.

இலக்கு என்று ஒன்றை வைத்த பிறகு அதை அளக்க வேண்டும். இங்கேதான் வேடிக்கை ஆரம்பிக்கும்.

பிளேர் காலத்துச் செயலாக்கப் பிரிவு செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன விஷயம். இலக்கு என்ன என்பதோடு நிறுத்தாமல், இன்றிலிருந்து இலக்குத் தேதி வரை ஒவ்வொரு கட்டத்திலும் எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு கோடு வரைந்துகொள்வார்கள். மாதாமாதம் வரும் உண்மையான எண்ணை அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். கோட்டுக்குக் கீழே விழுந்தால் அப்போதே தெரிந்துவிடும். ‘கடைசி வருடம் பிடித்துவிடுகிறோம்’ என்ற சமாதானம் எடுபடாது. நிலையைக் காட்டப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் தீட்டும் பழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. அவர்கள் மஞ்சளை இரண்டாக உடைத்தார்கள்: பச்சையை ஒட்டிய மஞ்சள், சிவப்பை ஒட்டிய மஞ்சள். இதன் அருமை எங்களைப் போன்றவர்களுக்குத்தான் புரியும். சிவப்பு போட்டால் திட்டு விழும், பச்சை போட்டால் பொய்யாகிவிடும், எனவே எல்லாத் துறையும் மஞ்சளில் போய் ஒளிந்துகொள்ளும். ஒளிய இடம் இல்லாமல் செய்தார்கள்.

அதே பிரிவின் இலக்குகளில் ஒன்று, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர்களில் 98 சதவீதம் பேரை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து முடித்து, வீட்டுக்கோ படுக்கைக்கோ அனுப்பிவிட வேண்டும் என்பது. காத்திருப்பு நிஜமாகவே குறைந்தது. கூடவே சில மருத்துவமனைகளில் ஆம்புலன்ஸை வாசலிலேயே நிறுத்திவைக்கிறார்கள் என்ற புகாரும் வந்தது. ஏனென்றால் நோயாளி உள்ளே வந்தால்தான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும்.

இதைவிட எனக்கு மறக்காதது 2005 தேர்தல் நேரத்தில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் நடந்தது. குடும்ப மருத்துவரை 48 மணி நேரத்துக்குள் பார்க்க முடிய வேண்டும் என்பது அரசின் இலக்கு. பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து பிளேரிடமே கேட்டார்: என் மருத்துவமனையில் அடுத்த வாரத்துக்கு முன்பதிவு செய்யவே விடமாட்டேன் என்கிறார்கள், 48 மணி நேரத்துக்குள் என்றால் மட்டும்தான் பதிவு. அதாவது, தள்ளிப் பதிவு செய்தால் கணக்கில் ‘தாமதம்’ என்று விழும், எனவே தள்ளிப் பதிவே கிடையாது! பிளேருக்கு இது புதுச் செய்தி என்பது முகத்திலேயே தெரிந்தது. அவர் அலுவலகத்தின் அட்டவணையில் அந்த இலக்கு அழகாக நிறைவேறிக்கொண்டிருந்தது.

இதிலிருந்து இலக்கே கூடாது என்ற முடிவுக்குப் பலர் தாவுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எண்ணே இல்லாத துறைகளில் நான் இருந்திருக்கிறேன். அங்கே ‘பணிகள் முழுவீச்சில் நடைபெற்று வருகின்றன’ என்ற ஒரே வாக்கியம் நான்கு வருடம் ஆய்வுக் குறிப்பில் ஓடும். எண் வேண்டும். ஆனால் அந்த எண் வரும் வழியைத் தவிர வேறு ஒரு வழியிலும் தலைவர் அலுவலகத்துக்குச் செய்தி வர வேண்டும். குறை கேட்கும் தொலைபேசி எண், மனுக்கள், முன்னறிவிப்பில்லாத நேரடி ஆய்வு ஆகியவற்றின் மதிப்பு அதுதான். பெரும்பாலான தலைவர் அலுவலகங்கள் மனுக்களை ‘எத்தனை வந்தது, எத்தனை தீர்ந்தது’ என்று எண்ணுவதோடு நிறுத்திவிடுகின்றன. தீர்ந்தது என்றால் என்ன? ‘சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது’ என்று பதில் போனாலே தீர்ந்த கணக்கில் சேர்த்துவிடுவார்கள். மாறாக, ஒரே பகுதியிலிருந்து ஒரே விஷயத்துக்கு நாற்பது மனு வந்திருக்கிறதே, ஏன் என்று கேட்கும் ஓர் ஆள் அங்கே இருந்தால் போதும். பல அட்டவணைகளைவிட அவர் உபயோகமானவர்.

இப்போது ஒருங்கிணைப்பு. இதை ஒரு அனுபவத்தை வைத்தே சொல்கிறேன்.

நான் வேலையில் இருந்தபோது ஒரு மருத்துவமனைக் கட்டடம் கட்டி முடிந்து பூட்டியே கிடந்தது. வண்ணம் அடித்து, பெயர்ப்பலகை மாட்டி, எல்லாம் தயார். கட்டிய துறையின் அறிக்கையில் ‘100 சதவீதம் நிறைவு’. மருத்துவத் துறையின் அறிக்கையில் ‘இன்னும் ஒப்படைக்கப்படவில்லை’. ஏன் ஒப்படைக்கவில்லை? மின் இணைப்பு இல்லை. மின் துறையைக் கேட்டால் ‘விண்ணப்பம் முறைப்படி வரவில்லை’. விண்ணப்பிக்க வேண்டியது கட்டடத்தின் உரிமையாளர். உரிமையாளர் யார்? ஒப்படைத்த பிறகுதான் மருத்துவத் துறை உரிமையாளர். அதுவரை கட்டிய துறை. கட்டிய துறையோ, வைப்புத் தொகை கட்ட எங்கள் மதிப்பீட்டில் பணம் இல்லை என்றது. இதற்கிடையில் மருத்துவர், செவிலியர் பணியிடங்களுக்கான கருத்துரு நிதித்துறையில் இருந்தது. அவர்கள் ‘கட்டடம் பயன்பாட்டுக்கு வந்த பின் பரிசீலிக்கலாம்’ என்று எழுதித் திருப்பியிருந்தார்கள். நான்கு துறை. யார் எழுதியதிலும் தப்பில்லை. ஒவ்வொரு கோப்பையும் தனியாகப் படித்தால் ஒவ்வொருவரும் கடமையைச் செவ்வனே செய்திருக்கிறார்கள். நோயாளிகள் பழைய கட்டடத்தின் தாழ்வாரத்தில் படுத்திருந்தார்கள்.

இதைத் தீர்த்தது பெரிய ஞானம் ஒன்றுமில்லை. தலைவர் அலுவலகத்திலிருந்து ஒரு இளம் அதிகாரி நான்கு துறையினரையும் ஒரே மேஜைக்குக் கூப்பிட்டார். செயலாளர்களை அல்ல, கோப்பைக் கையில் வைத்திருக்கும் ஆட்களை. ஒரு வெள்ளைத்தாளில் மூன்று பத்தி போட்டார்: என்ன வேலை, யார், எந்தத் தேதி. ‘துறை’ என்று எழுத விடவில்லை. ஆளின் பெயரை எழுதச் சொன்னார். வைப்புத் தொகையை மருத்துவத் துறை கட்டுவது, பின்னால் கணக்கு நேர்செய்துகொள்வது என்று அங்கேயே முடிவானது. இந்த யோசனை எங்களில் பலருக்கு முன்பே தெரியும். ஆனால் எங்களில் யாருக்கும் அடுத்த துறையிடம் ‘நீ கட்டு’ என்று சொல்லும் அதிகாரம் இல்லை, ‘நான் கட்டுகிறேன்’ என்று சொல்லும் துணிவும் இல்லை. நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வந்தால் பதில் சொல்வது யார்? கூட்டக் குறிப்பில் ‘முடிவு செய்யப்பட்டது’ என்று தலைவர் அலுவலகம் எழுதிக் கொடுத்த ஒரு வரிதான் எங்களுக்குக் குடை. மழைக்குக் குடை கொடுப்பதுதான் அங்கே நடந்த ஒருங்கிணைப்பு.

அதனால்தான் ‘துறைகளுக்கு இடையே தொடர்பு இல்லை’ என்ற வழக்கமான விளக்கத்தை நான் நம்புவதில்லை. தொடர்பு நிறைய இருக்கிறது, கடிதங்கள் மூட்டை மூட்டையாகப் போகின்றன. இல்லாதது, இரண்டு துறைகளின் எல்லையில் விழும் வேலையை எடுத்துச் செய்பவருக்கான பாதுகாப்பு.

எல்லையில் விழும் வேலைக்கு அழகான ஓர் உதாரணம் நியூசிலாந்தில் கிடைக்கிறது. 2012-இல் அங்கே ஜான் கீ அரசு ஐந்து வருடத்துக்குப் பத்து இலக்குகளை மட்டும் அறிவித்தது. அவற்றில் ஒன்று குழந்தைகளுக்கு வரும் கீல்வாதக் காய்ச்சலைக் குறைப்பது. இது தொண்டைப் புண்ணில் தொடங்கி இதயத்தைக் கெடுக்கும் நோய். மருந்து இருக்கிறது, எனவே சுகாதாரத் துறையின் வேலை என்றுதான் தோன்றும். ஆனால் தொற்று பரவுவது நெருக்கடியான, குளிரான வீடுகளில். ஒரே அறையில் ஆறு பேர் படுத்தால் என்ன மருந்து கொடுத்தும் திரும்ப வரும். ஆகவே சுகாதாரத் துறையின் எண்ணைக் குறைக்க வீட்டுவசதித் துறை வேலை செய்தாக வேண்டும். ஆரோக்கியமான வீடுகளுக்கான திட்டம் ஒன்று அப்படித்தான் பிறந்தது: நோய் அபாயம் உள்ள குடும்பங்களுக்கு வீட்டில் வெப்பம் தங்க வழி செய்வது, நெருக்கடியைக் குறைப்பது. மூன்றில் இரண்டு பங்கு குறைக்க வேண்டும் என்ற இலக்கை அவர்கள் எட்டவில்லை. இருந்தாலும், பொறுப்பைத் துறைவாரியாக இல்லாமல் விளைவுவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பல துறைத் தலைவர்களைச் சேர்ந்தே பதில் சொல்ல வைத்தது எனக்குச் சரியான யோசனையாகப் படுகிறது. வீட்டுவசதித் துறைக்காரர் ஒரு நோயின் எண்ணிக்கைக்குப் பதில் சொல்வது என்பது சாதாரண விஷயமா?

குழு போடுவது இதற்கு மலிவான மாற்று. எந்தப் பிரச்சினை தீரவில்லையோ அதற்கு ஒரு அமைச்சர் குழு. இந்தியாவில் 2014-இல் புதிய அரசு வந்ததும் அதுவரை இருந்த 9 அதிகாரமளிக்கப்பட்ட அமைச்சர் குழுக்களையும் 21 அமைச்சர் குழுக்களையும் ஒரே நாளில் கலைத்தது. அமைச்சகங்களே முடிவெடுக்கட்டும், சிக்கல் இருந்தால் அமைச்சரவைச் செயலகமும் பிரதமர் அலுவலகமும் உதவும் என்றது. குழுக்கள் போனதால் முடிவுகள் வேகமாகலாம். அதே சமயம் எல்லாச் சிக்கலும் ஒரே வாசலில் வந்து நிற்கும். முன்பு முப்பது அறைகளில் தேங்கியது இப்போது ஒரே அறையில் தேங்கும் அபாயம் உண்டு. இதில் எது மேல் என்று பொதுவாகச் சொல்ல முடியாது, அந்த ஒரு அறையில் இருப்பவர்களைப் பொறுத்தது.

2015 மார்ச்சில் தொடங்கிய பிரகதி என்ற ஏற்பாட்டில் பிரதமர் காணொளி வழியாக மத்திய அரசின் செயலாளர்களையும் மாநிலத் தலைமைச் செயலாளர்களையும் ஒரே நேரத்தில் எதிரில் உட்காரவைத்து, தேங்கிக் கிடக்கும் திட்டங்களை ஒவ்வொன்றாக எடுக்கிறார். ரயில் பாதைக்கு நிலம் மாநிலம் தர வேண்டும், வன அனுமதி இன்னொரு அமைச்சகம் தர வேண்டும் என்பது போன்ற சிக்கல்களுக்கு இது பொருத்தமான வடிவம். இத்தகைய கூட்டங்களைப் பற்றி வெளியில் தெரியாத ஒன்று உண்டு: வேலை நடப்பது கூட்டத்தில் அல்ல, கூட்டத்துக்கு முந்தைய வாரத்தில். நிகழ்ச்சி நிரலில் நம் திட்டத்தின் பெயர் வந்துவிட்டது என்று தெரிந்த நிமிடம், இரண்டு வருடம் பதில் வராத கடிதத்துக்கு மாலைக்குள் பதில் வரும். சனிக்கிழமை அலுவலகம் திறந்திருக்கும். ‘நாளை அவர் முன்னால் நீயும் நானும் முகத்தை முகம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்’ என்று இரண்டு துறையும் சமரசத்துக்கு வந்துவிடும். எனவே கெட்டிக்கார அலுவலகம் நிகழ்ச்சி நிரலைக் கொஞ்சம் முன்னதாகவே வெளியே விட்டுவிடும்.

இந்த மாத்திரைக்கு ஒரு பக்கவிளைவு உண்டு, அதைச் சொல்லாவிட்டால் பதில் முழுமையாகாது. மேலிருந்து கேட்டால்தான் வேலை நடக்கும் என்ற பழக்கம் வந்துவிட்டால், மேலிருந்து கேட்காத எதுவும் நடக்காது. செயலாளர் தானே எடுக்க வேண்டிய முடிவை, ‘எதற்கும் ஒரு வார்த்தை மேலே கேட்டுவிடலாம்’ என்று தள்ளிவிடுவார். தலைவர் அலுவலகத்தில் இருக்கும் ஒரு நடுத்தர அதிகாரியின் தொலைபேசி அழைப்பு அமைச்சரின் எழுத்துபூர்வமான உத்தரவைவிடக் கனமாகிவிடும். எங்கள் துறையில் ஒருமுறை ‘மேலே இப்படி விரும்புகிறார்கள்’ என்று ஒரு கோப்பு நான்கு மாதம் நின்றது. கடைசியில் விசாரித்தால் மேலே யாருக்கும் அந்த விஷயமே தெரியாது. யாரோ எப்போதோ சாதாரணமாகக் கேட்ட ஒரு சந்தேகம், கைமாறிக் கைமாறி ‘விருப்பம்’ ஆகிவிட்டிருந்தது. அதனால் வாய்மொழி உத்தரவு எதுவாக இருந்தாலும் இரண்டு வரியில் எழுதிக் கேட்டு வாங்குவது நல்லது. எழுதித் தரச் சொன்னால் பாதி உத்தரவுகள் தானாக ஆவியாகிவிடும்.

நெருக்கடி வந்தால் மேலே சொன்ன முன்னுரிமைப் பட்டியல் ஓரத்துக்குப் போய்விடும். வெள்ளமோ தொற்றுநோயோ வந்தால் தலைவரின் நேரம் முழுவதையும் அது சாப்பிட்டுவிடும், சாப்பிடவும் வேண்டும். கேள்வி, அது முடிந்த பிறகு பட்டியலை யார் திரும்ப மேஜைக்குக் கொண்டுவருகிறார்கள் என்பதுதான். நெருக்கடியைக் கையாளத் தனிக் குழுவும், நீண்ட கால வேலையைத் தொடரத் தனி ஆட்களும் இருக்கும் அலுவலகத்தில் பட்டியல் பிழைக்கும். எல்லாவற்றையும் அதே நான்கு பேர் பார்க்கும் இடத்தில் வருடம் முழுவதும் தீயணைப்பு வேலைதான் நடக்கும்.

தலைவரோடு ஒட்டிய எந்தப் பிரிவுக்கும் ஆயுள் கெட்டி இல்லை. பிளேர் அமைத்த பிரிவு அவருக்குப் பிறகும் சில வருடம் ஓடி 2010-இல் ஆட்சி மாறியதும் மூடப்பட்டது. 2021-இல் இன்னொரு பிரதமர் கிட்டத்தட்ட அதையே திரும்பத் திறந்தார். மலேசியாவில் 2009-இல் தொடங்கிய பெமாண்டு என்ற செயலாக்கப் பிரிவு, துறை அதிகாரிகளை அன்றாட வேலையிலிருந்து விடுவித்து வாரக்கணக்கில் ஒரே இடத்தில் உட்காரவைத்துத் திட்டத்தின் கடைசி ஆணி வரை எழுதவைப்பதற்குப் பெயர் பெற்றது. அதுவும் பத்து வருடம் தாண்டவில்லை. நியூசிலாந்தின் பத்து இலக்குகளும் ஆட்சி மாறியதும் கைவிடப்பட்டன. தலைவரின் கண் பட்டதால் உயிர் வந்த பிரிவு அந்தக் கண் அகன்றதும் வாடுவது இயல்புதான். நிலைத்து நிற்பது அவை துறைகளுக்குள் விட்டுப்போகும் பழக்கங்கள். மாதாமாதம் எண்ணைக் கோட்டின் மேல் வைத்துப் பார்க்கப் பழகிய ஒரு மாவட்ட அதிகாரி, பிரிவு மூடிய பிறகும் அதைச் செய்துகொண்டிருப்பார்.

கடைசியாக, வெளியிலிருந்து ஓர் அரசைப் பார்ப்பவர் அதன் முன்னுரிமையை எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் கேட்கலாம். நேர அட்டவணை எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் வரவு செலவுத் திட்டம் கிடைக்கும். அதில் இந்த வருட ஒதுக்கீட்டைப் பார்க்காதீர்கள், அது ஆசை. போன வருடத்துக்கான பத்தியில் முதலில் ஒதுக்கியது எவ்வளவு, திருத்திய மதிப்பீடு எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வருட நடுவில் பணத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது எதில் வெட்டினார்கள், எதைத் தொடவில்லை என்று அங்கே தெரியும். அதற்கும் அடுத்த வருடம் வரும் உண்மைச் செலவுப் பத்தியையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. எங்கள் துறையில் மூன்று வருடத்துக்கு அந்தப் பத்திகளைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்த ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். புதுத் திட்ட அறிவிப்பு வந்ததும் நாங்கள் எல்லோரும் போய் முதலில் அவரைத்தான் கேட்போம், “இது நிஜமா சார்?” என்று.